ஏழு நட்டு குறைகிறது

அன்புள்ள அண்ணனுக்கு,

தேவகோட்டையில் எங்கள் பூர்வீக வீட்டைப் போன மாதம் ஒதுங்க வைத்தோம். பெட்டகத்துக்குள் அப்பச்சி சின்ன வயதில் விளையாடிய மெக்கானோ பெட்டி, நட்டு போல்ட் போட்டுக் கட்டி விளையாடும் சாமான், கிடைத்தது. சிவப்பும் பச்சையுமான ஓட்டைப் பட்டைகள், சக்கரங்கள், ஸ்பேனர், திருப்புளி எல்லாம் இருக்கின்றன. சிலவற்றில் துரு. பட்டியலை வைத்து எண்ணிப் பார்த்தேன். ஏழு நட்டும் ஒரு கப்பியும் குறைகின்றன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழம்பொருள் கடையில் காட்டினேன். முழு செட்டாக இருந்தால் நல்ல விலை போகும் என்றார். எனக்கு விற்க மனமில்லை. மகனுக்கு எட்டு வயது, மகளுக்கு இரண்டு. மகனிடம் கொடுத்தால் தொலைத்துவிடுவானோ என்று பயமாக இருக்கிறது. குறைகிற சாமான்களைத் தேடி வாங்கி முழுமையாக்கி, அவனுக்குப் பொறுப்பு வந்த பிறகு கொடுக்கலாமா? துருவை எப்படி எடுப்பது? பிளாஸ்டிக் கட்டைகளையும் செல்போனையும் விட்டால் வேறொன்றும் தெரியாத இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு, இரும்பில் விளையாடிய நம் தலைமுறையின் கைத்திறன் வருமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள தம்பிக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் ஓரமாக வைத்துவிடுகிறேன். நம் தலைமுறை என்று என்னையும் சேர்த்துக்கொண்டதற்கு நன்றி. ஆனால் எங்கள் தெருவில் அத்தனை பிள்ளைகள் இருந்தோம், மெக்கானோ இருந்தது எங்கள் ஒரு வீட்டில்தான். மற்றவர்கள் நுங்கு வண்டி ஓட்டினார்கள். எங்களைவிட நன்றாகவே ஓட்டினார்கள். பிளாஸ்டிக் கட்டையில் விளையாடும் பிள்ளையும் கையால்தான் விளையாடுகிறது. செல்போனைக் கையில் கொடுத்தவர் யார் என்று வீட்டுக்குள் விசாரித்துக்கொள்ளுங்கள்.

என்னை எழுத உட்கார வைத்தது வேறொரு வரி. “பட்டியலை வைத்து எண்ணிப் பார்த்தேன்” என்கிறீர்கள். பல வருடங்களாக மறந்துபோன பெட்டி ஒன்று உங்களுக்குக் கிடைக்கிறது. அப்பச்சியின் கை பட்ட சாமான். நீங்கள் செய்த முதல் காரியம், நட்டை எண்ணியது. தம்பி, உங்களை எனக்கு நன்றாகத் தெரியும். நானும் அதே ஊர்க்காரன்தான்.

எங்கள் ஐயா, அதாவது தாத்தா, வட்டிக்கடையில் எடுபிடி வேலை செய்யும் பெட்டியடிப் பையனாகப் பினாங்குக்குப் போனவர். உதவியாளரான அடுத்தாளாகி, கடையை நடத்தும் மேலாளாகி, ஐம்பதுகளில் ரஜுலா கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கியவர். கூடவே இறங்கிய சாமான்களில் ஒன்று எங்கள் மெக்கானோ பெட்டி. மூடியின் உள்பக்கம் வெள்ளைக்காரன் போட்ட பட்டியல் இருந்ததா என்று எனக்கு ஞாபகமில்லை. இருந்திருந்தாலும் தெரிந்திருக்காது. ஏனென்றால் அதன்மேல் ஐயா தன் கையால் தமிழில் ஒரு பட்டியல் எழுதி ஒட்டியிருந்தார். வட்டிக் கணக்கு எழுதிய அதே எழுத்து. 25 ஓட்டைப் பட்டை இத்தனை, 11 ஓட்டைப் பட்டை இத்தனை, 5 ஓட்டை இத்தனை, அச்சுக்கம்பி, கப்பி, நட்டு, போல்ட்.

கோடை விடுமுறையில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, முற்றத்தை ஒட்டிப் பாயை விரித்துப் பெட்டியைத் திறப்பார். நாங்கள் நான்கைந்து பேர். கிரேன் செய்வோம், பாலம் செய்வோம். பாலத்தின் மேல் ஓட வண்டி செய்வதற்குள் விளக்கு வைக்கிற நேரம் வந்துவிடும். அவ்வளவுதான். எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். துணியால் துடைத்து வகை வகையாகப் பாயில் அடுக்க வேண்டும். ஐயா பட்டியலைப் பார்த்து வாசிப்பார், நாங்கள் எண்ணிச் சொல்வோம். நாங்கள் செய்த எதுவும் ஒரு ராத்திரிகூட நின்றதில்லை. நூல் கட்டி வாளி தூக்கும் கிரேன் ஒன்று செய்தோம், ஆளுக்கு ஒருமுறை வாளியை ஏற்றி இறக்கிப் பார்க்கக்கூட நேரமில்லை.

ஒரு நாள் ஒரு நட்டு குறைந்தது.

மறுபடி எண்ணினோம். பாயை உதறினோம். முற்றத்துத் தண்ணீர் வெளியே போகிற துளையில் கையை விட்டுத் துழாவினோம். லாந்தர் வந்தது. வேலைக்காரர் அந்தச் சேற்றை அள்ளிச் சல்லடையில் சலித்தார். யாருக்கும் ராத்திரிச் சாப்பாடு இல்லை என்று ஐயா சொல்லவில்லை, ஆனால் யாரும் சாப்பிட உட்காரவில்லை. படுக்கப் போகும்போது சித்தப்பா மகன், அவனுக்கு அப்போது ஐந்து வயது, அப்பத்தாவின் காதில் சொன்னான். முழுங்கிவிட்டானாம்.

கம்பவுண்டர் வந்து வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, வாழைப்பழம் கொடுங்கள், தானாக வரும் என்றார். இரண்டு நாள் அவனுக்கு ராஜ உபசாரம். நாங்கள் பொறாமையில் வெந்தோம். மூன்றாம் நாள் காலையில் கொல்லைப்புறத்திலிருந்து அப்பத்தாவின் குரல் கேட்டது. அதில் இருந்த சந்தோஷம் அந்த வீட்டில் பிள்ளை பிறந்தபோதுகூடக் கேட்டிருக்காது. நட்டை வெந்நீரில் போட்டு, புளி போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, ஐயாவிடம் கொடுத்தார்கள். பட்டியலில் பென்சிலால் “குறைவு 1” என்று எழுதியிருந்ததை ஐயா அடித்தார். ஐந்தொகை, அதாவது இருப்புக் கணக்கு, நேரானது. அந்த நட்டு மீண்டும் பெட்டிக்குள் போனது. எது அது என்று தெரியாததால் அதற்குப் பிறகு எல்லா நட்டையும் ஒரு சந்தேகத்தோடுதான் தொட்டோம். முழுங்கியவன் இன்று பெரிய ஆள். இதைப் படித்தால் போனில் திட்டுவான், திட்டட்டும்.

இதைச் சொல்லி ஐயாவை நீங்கள் கஞ்சன் என்று நினைத்துவிடக் கூடாது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் கடல் தாண்டிப் போய், கடையும் தங்குமிடமுமான கிட்டங்கியில் தன் பெட்டிக்கு முன்னால் படுத்துத் தூங்கிய பையன் அவர். ராத்திரிக் கணக்கில் ஒரு காசு உதைத்தால் விடிய விடிய உட்கார வேண்டும். எண்ணி முடித்தால்தான் அவருக்குத் தூக்கம். முற்றத்தைச் சுற்றிய வளவில் வரிசையாகத் தூங்கும் பேரப்பிள்ளைகளையும் லாந்தரைப் பிடித்துக்கொண்டு எண்ணிவிட்டுத்தான் படுப்பார். பாதித் தூக்கத்தில் அந்த வெளிச்சம் முகத்தில் பட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

சரி, அவருக்குக் காரணம் இருந்தது. உங்களுக்கும் எனக்கும் என்ன காரணம்?

நம் வீடுகளைப் பாருங்கள். சுவர் முழுக்க எனாமல் பூசிய மங்குச் சட்டி. எந்த அடுப்பிலும் ஏறாதவை. அடியில் ஒட்டிய சீட்டு கிழியாமல் இருக்கும். கல்யாணத்துக்குக் கொடுத்த சாமான் பட்டியல் இருக்கும், சாமான் இருக்கும், அந்தச் சாமானில் சாப்பிட்ட ஆள் இருக்க மாட்டார். பிறகு ஒருநாள் எல்லாம் சேர்ந்து முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போகும். அங்கே வாங்குகிறவரும் அதை எடுத்துப் புழங்கப் போவதில்லை, அவர் வீட்டுச் சுவரில் மாட்டுவார். கடைக்காரர் “முழு செட்” என்று சொன்னாரே, அவர் சொன்னது அவருடைய தொழில். நீங்கள் எதற்கு அதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள்?

இந்தப் பொம்மையைக் கண்டுபிடித்தவரும் ஒரு கணக்குப்பிள்ளைதான், தெரியுமா? லிவர்பூலில் இறைச்சி இறக்குமதி செய்த ஒரு வியாபாரியிடம் கணக்கு எழுதிய பிராங்க் ஹார்ன்பி. எஞ்சினியரிங் படித்தவர் இல்லை. தன் பிள்ளைகளுக்காகச் செம்புத் தகட்டைப் பட்டை பட்டையாக வெட்டி, சம தூரத்தில் ஓட்டை போட்டார். ஓட்டைக்கும் ஓட்டைக்கும் அரை அங்குலம். கண்டுபிடிப்பு அவ்வளவுதான். எந்தப் பட்டையும் எந்தப் பட்டையோடும் சேரும், கழற்றினால் வேறொன்றாகச் சேரும். 1901-ல் காப்புரிமை வாங்கினார். முதலாளியே பணம் போட்டார். மெக்கானோ என்ற பெயர் 1907-ல் வந்தது. அப்புறம் வியாபாரம் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. மூன்றாம் எண் பெட்டி வைத்திருக்கிறாயா, 3ஏ என்ற சின்னப் பெட்டியை வாங்கு, அது நான்காம் எண் பெட்டியாகிவிடும் என்றார்கள். பெட்டி எப்போதும் இன்னொரு பெட்டிக்குக் குறைவாகவே இருக்கும். அதைத்தான் நீங்கள் முழுமையாக்கப் பார்க்கிறீர்கள்.

1934-ல் மான்செஸ்டரில் டக்ளஸ் ஹார்ட்ரீ என்ற விஞ்ஞானியும் ஆர்தர் போர்ட்டர் என்ற மாணவரும் இதே மெக்கானோ சாமான்களை வைத்து, வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் இயந்திரம் ஒன்றைக் கட்டினார்கள். இருபது பவுன் அளவில்தான் செலவு. அணுவுக்குள் எலக்ட்ரான்கள் எப்படி இருக்கின்றன என்று கணக்குப் போடுவதற்கு அது உதவியது. அவர்கள் விளக்கு வைக்கிற நேரத்தில் கழற்றி அடுக்கியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா?

இனி சொல்லப்போவது எனக்குச் சங்கடமானது. அந்தப் பெட்டி என்னிடம் வந்தது, நான் என் மகளிடம் கொடுத்தேன். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. பட்டியலோடு கொடுத்தேன். அவள் படத்தில் இருந்த எதையும் செய்யவில்லை. 25 ஓட்டைப் பட்டை ஒன்றை வளைத்து, ஜன்னல் கம்பியில் இறுக்கி, அதில் பென்சில் டப்பா வைக்க ஒரு தட்டு அமைத்தாள். நன்றாக இருந்தது. ஆடவே இல்லை. படிக்கிற மேசையிலிருந்து கை நீட்டினால் எட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அதைக் கழற்றினேன். பட்டையைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தினேன். பெட்டியில் வைத்து, பட்டியலைச் சரிபார்த்தேன். அவள் வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை, சண்டை போடவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பெட்டியைக் கேட்கவும் இல்லை. நிமிர்த்திய இடத்தில் பெயின்ட் உரிந்து இரும்பு தெரிந்தது. நீங்கள் துருவைப் பற்றிக் கேட்கிறீர்களே, எங்கள் பெட்டியில் முதல் துரு அங்கேதான் பிடித்தது.

போன வருடம் பெட்டியை அவள் மகனிடம் கொடுத்தேன். மூடியில் இருந்த பட்டியலைக் கிழிக்காமல் உரித்து நான் வைத்துக்கொண்டேன். சமீபத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனபோது ஒரு பட்டை பால்கனிக் கதவின் இடுக்கில் முட்டுக் கொடுத்திருந்தது, ஒன்று துளசிச் செடிக்கு ஊன்றுகோலாக நின்றது, சக்கரம் இரண்டு நாய்க்குட்டிப் பொம்மையின் காலில் இருந்தன. அப்படியும் பாருங்கள், சோபாவில் உட்கார்ந்துகொண்டு என் வாய் தானாக எண்ணிக்கொண்டிருந்தது. மகள் பார்த்துவிட்டுக் காபி கொண்டுவர உள்ளே போனாள்.

உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். தேவகோட்டைக்காரர் துருவைப் பற்றி என்னிடம் கேட்பது வேடிக்கைதான். பக்கத்து ஊரான காரைக்குடியில், 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, துருப்பிடிப்பது போன்ற அரிமானத்தை ஆராய்வது அவர்களுக்கு ஒரு முழுநேர வேலை. உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை. தையல் மிஷின் எண்ணெயை விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்து, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். உப்புத்தாளைப் போட்டுத் தேய்க்காதீர்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், அந்தத் தூள் பிள்ளைகளுக்கு ஆகாது. பெயின்ட் பொரிந்துபோன துண்டுகளைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். சின்னவளுக்கு இரண்டு வயது என்கிறீர்கள், அவள் தூங்கும் நேரத்தில் மட்டும் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அதிர்ஷ்டம் இருந்தது, எல்லா வீட்டிலும் இருக்கும் என்று சொல்ல முடியாது.

பொறுப்பு வரும்வரை காத்திருப்பதா? பொறுப்பு வந்தவனுக்கு மெக்கானோ எதற்கு? இந்த வாரமே கொடுங்கள்.

குறைகிற ஏழு நட்டுக்கு இணையத்தில் தேடி அலைய வேண்டாம். மெக்கானோ திருகு பழைய பிரிட்டிஷ் அளவு, அங்குலத்தில் முப்பத்திரண்டில் ஐந்து பங்கு. நம் ஊர் ஹார்டுவேர் கடையில் அது கிடைக்காது. 4 மில்லிமீட்டர் போல்ட்டும் அதற்குரிய நட்டும் சேர்த்து வாங்குங்கள், அதே ஓட்டையில் போகும். புது நட்டைப் பழைய போல்ட்டில் மாட்டி இறுக்கினால் மட்டும் புரி கெட்டுவிடும், அதைப் பையனுக்குச் சொல்லிவிடுங்கள். கடைக்காரர் எத்தனை வேண்டும் என்று கேட்பார். எண்ணிக்கை சொல்லாதீர்கள். கால் கிலோ போடச் சொல்லுங்கள்.