மார்மன் சபையை விட்டவர்கள் வேறு சபைக்குப் போகாமல் நாத்திகர் ஆவது ஏன்?

மார்மன் சபை அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவச் சபை. அதை விட்ட எல்லோரும் அப்படி ஆவதில்லை. வேறு சபைகளில் சேர்ந்தவர்களையும் எனக்குத் தெரியும். நான் நாத்திகன் ஆனேன், அதனால் என் காரணத்தை மட்டும் சொல்கிறேன்.

திருச்செந்தூர்ப் பக்கத்து முருக பக்தர் குடும்பம் எங்களுடையது. 2008இல் மேல்படிப்புக்காக அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்குப் போனேன். முதல் குளிர்காலத்திலேயே தனிமை என்னை வாட்டி எடுத்துவிட்டது. அந்த நாட்களில் என் கதவைத் தட்டியவர்கள், வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பெயர்ப்பட்டையும் அணிந்த இரண்டு மார்மன் ஊழியக்காரப் பையன்கள். வாசலில் குவிந்திருந்த பனியை அள்ளிப் போட்டார்கள், காய்ச்சலில் கிடந்தபோது சூப் கொண்டு வந்தார்கள். அந்த அன்பு உண்மையானது. இன்றைக்கும் அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

மார்மன் புத்தகத்தையும் கொடுத்தார்கள். சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் என்பவர் நியூயார்க் மாநிலத்தில் ஒரு குன்றில் புதைந்திருந்த தங்கத் தகடுகளைத் தெய்வ வல்லமையால் மொழிபெயர்த்து 1830இல் வெளியிட்டதாகச் சபை சொல்லும் நூல் அது. அதன் கடைசிப் பகுதியில் ஒரு வாக்குறுதி உண்டு. இது உண்மையா என்று மனமாரக் கடவுளிடமே கேள், பரிசுத்த ஆவி உனக்குக் காட்டித் தரும் என்பது அதன் சாரம். கேட்டேன். நெஞ்சுக்குள் கதகதப்பாக ஏதோ பரவியது, அழுதுவிட்டேன். அதுதான் பதில் என்றார்கள்.

ஞானஸ்நானம் எடுத்தேன். காபி, டீயை விட்டேன். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுத்தேன். மாதத்தின் முதல் ஞாயிறன்று இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்து, சபை முன்னால் எழுந்து சாட்சி சொல்வார்கள். நானும் சொன்னேன். "இந்தச் சபை உண்மையானது என்று எனக்குத் தெரியும்." நம்புகிறேன் என்று அங்கே பெரும்பாலும் சொல்வதில்லை, தெரியும் என்றுதான் சொல்வார்கள்.

2013 இறுதியிலிருந்து சபையே தன் வரலாறு பற்றிய கட்டுரைகளைத் தன் இணையதளத்தில் வெளியிட ஆரம்பித்தது. ஜோசப் ஸ்மித்துக்கு முப்பது நாற்பது மனைவியர் இருந்திருக்கலாம் என்றும், அவர்களில் ஒரு பெண்ணுக்குப் பதினைந்து வயது நிறைய இன்னும் சில மாதங்கள் இருந்தன என்றும் அதில் படித்தபோது கை நடுங்கியது. அப்புறம், சபை வேதமாகக் கொள்ளும் இன்னொரு நூலான ஆபிரகாம் புத்தகம். 1835இல் வாங்கிய எகிப்தியப் பாப்பிரஸ் சுருள்களிலிருந்து ஸ்மித் மொழிபெயர்த்ததாகச் சொல்லப்பட்டது. அந்தச் சுருள்களின் சில துண்டுகள் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் கிடைத்து, 1967இல் சபையின் கைக்கு வந்தன. எகிப்திய மொழி அறிந்தவர்கள் படித்துப் பார்த்தால், அவை இறந்தவர்களோடு வைக்கும் ஈமச் சடங்கு நூல்கள். ஆபிரகாம் பெயரே அவற்றில் இல்லை. சபையின் கட்டுரையும் இதை ஒப்புக்கொள்கிறது. அந்தச் சுருள்கள் அவருக்குத் தெய்வ வெளிப்பாடு கிடைக்க ஒரு தூண்டுதலாக இருந்திருக்கலாம் என்பது அது தரும் விளக்கங்களில் ஒன்று.

மறுபடி ஜெபம் செய்து பார் என்றார் ஒரு நண்பர். செய்தேன். அதே கதகதப்பு வந்தது.

என்னை உடைத்தது அதுதான். தவறு என்று கண்ணால் படித்துத் தெரிந்துகொண்ட பிறகும் நெஞ்சு அதே பதிலைச் சொன்னது. சின்ன வயதில் சூரசம்ஹாரத்தன்று தாத்தா தோளில் உட்கார்ந்து, கடற்கரைக் கூட்டம் முழுக்க அரோகரா என்று முழங்கியபோது எனக்குச் சிலிர்த்ததே, அதுவும் இதே உணர்வுதான். மார்மன் புத்தகத்தை ஏற்றுக்கொண்டு இன்னும் பலதார மணம் செய்யும் பிரிவினரும் இதே உணர்வைத்தான் சாட்சியாகக் காட்டுகிறார்கள். ஒன்றுக்கொன்று முரணானவற்றை எல்லாம் உண்மை என்று சொல்லும் ஒரு சாட்சியை வைத்து நான் எதைத் தெரிந்துகொள்ள முடியும்? வேறு சபைக்குப் போனாலும், கோயிலுக்கே திரும்பினாலும், கடைசியில் அதே நெஞ்சைத்தான் கேட்க வேண்டியிருந்திருக்கும். கடவுள் இருக்கிறார் என்று நான் நம்பியதற்கு அதைத் தவிர வேறு ஆதாரம் என்னிடம் இருக்கவில்லை. ஒரே நாளில் இல்லை, இரண்டு வருடம் தேடிப் பார்த்துவிட்டுத்தான் அந்த முடிவுக்கு வந்தேன்.

சபையிலிருந்து பெயரை நீக்கச் சொல்லிக் கடிதம் எழுதுவது எளிது. இறந்த பிறகும் குடும்பம் சேர்ந்தே இருக்கும் என்ற நம்பிக்கையை விடுவதுதான் கஷ்டமாக இருந்தது. மார்மன் ஆலயங்களில் இறந்தவர்களுக்காக உயிரோடு இருப்பவர் ஞானஸ்நானம் எடுப்பார். பன்னிரண்டு காளைச் சிலைகள் தாங்கும் தொட்டியில், வெள்ளை உடையோடு, என் தாத்தாவின் பெயரைச் சொல்லி என்னை முக்கினார்கள். மறுமையில் அவர் அதை ஏற்கலாம், மறுக்கலாம் என்பது அவர்கள் போதனை. அன்றைக்கு நான் சந்தோஷத்தில் அழுதேன்.

சபையை விட்ட பிறகு ஊருக்கு வந்தபோது அம்மாவிடம் இதைச் சொன்னேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அவரு பேரைச் சொல்றதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல" என்றாள். தாத்தா இருந்திருந்தால் அவரிடமே மன்னிப்புக் கேட்டிருப்பேன். அம்மாவிடம் கேட்டேன்.