ஊசி என்றாலே மயக்கமா? உடம்பைத் தளர்த்தாதீர்கள்

கேள்வி: எனக்கு 29 வயது. கானாவில் ஒரு கட்டுமான கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. ஆறு வாரத்தில் கிளம்ப வேண்டும். அதற்குள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டாக வேண்டும். வலிக்காகப் பயப்படும் ஆள் இல்லை நான். ஆனால் போன வருடம் ரத்தப் பரிசோதனைக்கு உட்கார்ந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்து நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டேன். “மூச்சை இழுத்து விட்டு ரிலாக்ஸா இருங்க” என்று நர்ஸ் சொன்னபடி செய்தும் மயக்கம் நிற்கவில்லை. ஊசி போடாமலே, போட்டதற்கான சான்று கார்டை வாங்கித் தருவதாக ஏஜென்ட் சொல்கிறார். என்ன செய்யலாம்? (வாசகர், தென்காசி)

பதில்: ஏஜென்ட் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அந்தக் கார்டு வேண்டாம். போலி என்று தெரிந்தால் சிக்கல் என்பது ஒருபுறம். கானா மஞ்சள் காய்ச்சல் பரவும் நாடு. கொசுக்கடியால் வரும் அந்த நோய் முற்றினால் உயிருக்கே ஆபத்து, அதைக் குணப்படுத்தவென்று தனி மருந்தும் கிடையாது. தடுப்பூசியோ பெரும்பாலானோருக்கு ஆயுளில் ஒரு தடவை போதும். முன்பு பத்து வருடத்துக்கு ஒரு முறை போட வேண்டியிருந்தது. 2016 முதல் கார்டு ஆயுள் முழுக்கச் செல்லும்.

சரி, மயக்கத்துக்கு வருவோம். ஊசிக்குப் பயப்படுபவர்கள் எல்லோரும் ஒரே ரகம் இல்லை. பெரும்பாலானோருக்கு நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், ஓடிவிடலாம் போல இருக்கும், ஆனால் மயங்க மாட்டார்கள். மெதுவாக மூச்சு விடுவதும் உடம்பைத் தளர்த்துவதும் அவர்களுக்கு நன்றாகவே உதவும். நீங்கள் இன்னொரு ரகம். உங்களைப் போன்றவர்களுக்கு ஊசியைக் கண்டதும் இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் முதலில் ஏறும், அப்புறம் சட்டென்று இரண்டும் இறங்கும். கால்களில் ரத்தம் தேங்கும், மூளைக்குப் போவது குறையும். காது அடைக்கும், வியர்த்துக் கொட்டும், கண் இருட்டும். அழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் உடம்பைத் தளர்த்தினால் அது இன்னும் இறங்கத்தான் செய்யும். நர்ஸ் சொன்னது நல்ல எண்ணத்தில்தான், ஆனால் உங்களுக்குப் பொருந்தாத யோசனை. இதில் கோழைத்தனம் எதுவும் இல்லை. இந்த மயக்கம் குடும்பவழியாகவும் வருவது. வீட்டில் விசாரித்துப் பாருங்கள், இன்னொருவர் இருக்கலாம்.

நீங்கள் செய்ய வேண்டியது தசைகளை இறுக்குவது. சுவீடன் உளவியலாளர் லார்ஸ்-கோரன் ஓஸ்ட் 1980-களில் முறைப்படுத்திய பயிற்சி இது. நாற்காலியில் உட்கார்ந்து கை, தொடை, வயிறு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இறுக்குங்கள். மூச்சை அடக்கக் கூடாது. முகத்தில் லேசாகச் சூடு ஏறுவது தெரியும் வரை, அதாவது 10 முதல் 15 விநாடி, அப்படியே வைத்திருங்கள். பிறகு சாதாரண நிலைக்கு வாருங்கள். முழுதாகத் துவண்டுவிட வேண்டாம். 20, 30 விநாடி கழித்துத் திரும்பவும் இறுக்குங்கள். ஒரு முறைக்கு ஐந்து சுற்று, தினமும் நான்கைந்து முறை செய்யுங்கள். பஸ்ஸில் போகும்போதுகூடச் செய்யலாம், யாருக்கும் தெரியாது. ஊசி போடும் நேரத்தில் மட்டும் ஒரு மாற்றம்: ஊசி ஏறும் கையைத் தொங்கவிட்டு, மறு கையையும் கால்களையும் மட்டும் இறுக்குங்கள். இறுகிய தசையில் குத்தினால் வலி கூடும்.

ஒரு வாரத்தில் இது கைவந்துவிடும். அப்புறம்தான் ஊசியைப் பார்க்கப் பழக வேண்டும். முதலில் படம், பிறகு ஊசி போடும் வீடியோ. மெடிக்கலில் ஒரு சிரிஞ்ச் வாங்கி, ஊசி மாட்டாமல் மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாராவது இன்சுலின் போட்டுக்கொள்பவர் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். தலைசுற்றலின் முதல் அறிகுறி தெரிந்ததும் இறுக்கத் தொடங்குங்கள். எழுந்து போய்விடாதீர்கள். பாதியில் ஓடினால் பயம் குறையாது, கூடத்தான் செய்யும். மொத்தம் மூன்று வாரம் இப்படிப் பழகிவிட்டு நான்காவது வாரத்தில் ஊசிக்குப் போகலாம். போட்டு 10 நாள் கழித்துத்தான் கார்டு செல்லுபடியாகும் என்பதால் அதற்கு மேல் தள்ளாதீர்கள்.

இந்த ஊசியை எல்லா ஆஸ்பத்திரியிலும் போட மாட்டார்கள், அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான். சென்னையில் என்றால் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட். எந்தக் கிழமை, என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தடுப்பூசிக்கு வெறும் வயிற்றில் போகத் தேவையில்லை. நன்றாகச் சாப்பிட்டு, கிளம்பும் முன் அரை லிட்டர் தண்ணீர் குடியுங்கள். நம் ஊர் வெயிலில் காயும் வயிற்றோடு வரிசையில் நின்றால் பயமே இல்லாதவருக்கும் தலைசுற்றும். உள்ளே போனதும் கூச்சப்படாமல், “சிஸ்டர், எனக்கு ஊசி போட்டா மயக்கம் வரும், படுக்க வெச்சுப் போடுங்க” என்று சொல்லிவிடுங்கள். “இவ்வளவு பெரிய ஆள்!” என்று யாராவது சிரிக்கலாம், சிரிக்கட்டும். முடிந்தால் முதல் ஆளாகப் போட்டுக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்குப் போடுவதைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பதுதான் பாடாய்ப் படுத்தும். ரத்தம் எடுப்பது போல நரம்பைத் தேட வேண்டியதில்லை, வழக்கமாகப் புஜத்தில் தோலுக்கு அடியில் அரை மில்லி போடுவார்கள், அவ்வளவுதான். மரத்துப்போகும் களிம்பு பற்றிக் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். அது வலிக்கு உதவும், உங்கள் சிக்கல் வலி இல்லை. பதற்றத்துக்கு நீங்களாக மாத்திரை வாங்கிப் போடவும் வேண்டாம்.

போட்ட உடனே எழுந்திருக்காதீர்கள். ஊசி மயக்கம் பெரும்பாலும் முதல் 15 நிமிடத்துக்குள் வரும். ஒவ்வாமை ஏதும் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும் என்பதால் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். திரும்பும்போது பைக் ஓட்ட வேண்டாம், துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள். அவரிடம் ஒன்று சொல்லி வையுங்கள்: மயங்கினால் மல்லாக்கப் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். தூக்கி உட்கார வைக்கவோ வாயில் தண்ணீர் ஊற்றவோ கூடாது. சில நேரம் கை கால் லேசாக வெட்டி இழுக்கும். அதை வலிப்பு என்று நினைத்துச் சாவிக்கொத்தைத் தேடி ஓட வேண்டாம் (வலிப்புக்கே சாவி பயன்படாது). பெரும்பாலும் ஒரு நிமிடத்தில் தெளிந்துவிடும், தெளியாவிட்டால் அங்கிருக்கும் டாக்டர் பார்த்துக்கொள்வார்.

இரண்டு விஷயங்களை டாக்டரிடம் நீங்களாகவே சொல்ல வேண்டும். முட்டை ஒவ்வாமையோ எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தோ நோயோ இருந்தால் இந்தத் தடுப்பூசி உங்களுக்கு ஏற்றதா என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும். அடுத்தது, ஊசி, ரத்தம் எதுவும் இல்லாமலே, மாடிப்படி ஏறும்போதோ விளையாடும்போதோ எப்போதாவது மயங்கியிருந்தால் அது வேறு கதை. கிளம்பும் முன் இதய மருத்துவரைப் பார்த்து ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள்.