திருப்பத்தில் காத்து நிற்பவர்கள்

அன்புள்ள ஐயா,

ஓட்டம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் பகுதி ஓட்டக் குழுவில் சேர்ந்தேன். வயது நாற்பத்தாறு. ஐந்து கிலோமீட்டர் நிற்காமல் ஓடிவிடுகிறேன். ஆனால் குழுவில் எப்போதும் நான்தான் கடைசி. முன்னால் போகிறவர்கள் ஒவ்வொரு திருப்பத்திலும் எனக்காகக் காத்து நிற்கிறார்கள். யாரும் ஒரு வார்த்தை தவறாகச் சொன்னதில்லை, இருந்தாலும் கூச்சமாக இருக்கிறது. வேகம் கூடும்வரை தனியாக ஓடிவிட்டு அப்புறம் குழுவுக்குத் திரும்பலாமா? இதற்கிடையில், மேடு பள்ளம், சேறு வழியாக ஓடும் கிராஸ் கன்ட்ரி போட்டிக்கு ஆள் போதவில்லை என்று என் பெயரையும் அணியில் சேர்த்துவிட்டார்கள். மறுத்துவிடட்டுமா?

கே.

அன்புள்ள கே.,

குழுவை விடாதீர்கள். ‘ஒவ்வொரு திருப்பத்திலும் காத்து நிற்கிறார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, விஷயமே அந்த வரியில்தான் இருக்கிறது.

அங்கே என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். வேகமாக ஓடுபவர்கள் திருப்பத்துக்கு வந்து, தண்ணீர் குடித்து, காலை நீட்டி மடக்கி, மூச்சு அடங்கி, கதை பேசிக்கொண்டு நிற்கிறார்கள். நீங்கள் வியர்வை வழிய வந்து சேர்கிறீர்கள். “வந்துட்டாங்க, கிளம்பலாம்” என்று ஒரு குரல். உடனே எல்லாரும் கிளம்பிவிடுகிறார்கள். ஓய்வு யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கு மட்டும் ஓய்வே கிடைப்பதில்லை. அடுத்த திருப்பத்திலும் இதேதான். இப்படி ஓடினால் யாராக இருந்தாலும் களைத்துத்தான் போவார்கள். நல்ல மனசோடுதான் செய்கிறார்கள், ஆனால் முறை சரியில்லை.

இதற்கு ஓட்டக் குழுக்களில் பழகிய வழிகள் இருக்கின்றன. முன்னால் போனவர்கள் நிற்காமல் திரும்பி ஓடிவந்து, கடைசி ஆளைத் தாண்டிப்போய், அவருக்குப் பின்னாலிருந்து மறுபடி முன்னேறலாம். அவர்களுக்குக் கூடுதல் தூரம் கிடைக்கும், உங்கள் ஓட்டமும் அறுபடாது. எனக்கு இதைவிடப் பிடித்தது நேரக் கணக்கில் ஓடுவது. எல்லாரும் ஒன்றாகக் கிளம்பி அவரவர் வேகத்தில் அரை மணி நேரம் போக வேண்டும். அரை மணி ஆனதும் யார் எங்கே இருந்தாலும் அப்படியே திரும்பிவிட வேண்டும். திரும்பிய நொடியில் நீங்கள்தான் எல்லாருக்கும் முன்னால். வேகம் மாறாமல் ஓடினால் கிளம்பிய இடத்துக்கு ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்து சேர்வீர்கள். கடைசிக் கிலோமீட்டரில் பின்னாலிருந்து காலடிச் சத்தம் நெருங்கி நெருங்கி வருமே, அதைக் கேட்டபடி ஓடுவது தனி சுகம். உங்களுக்கும் அது கிடைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

வழித்தடம் இதற்குத் தோதுப்படாவிட்டால் ஸ்வீப்பர் வேண்டும். கடைசி ஆளோடு கூடவே வருபவர். இந்த வேலையை முறைவைத்து மாற்றிக்கொள்வது நல்லது. விவரம் தெரிந்த ஸ்வீப்பர் உங்களுக்கு அரை அடி பின்னாலேயே ஓடுவார். அரை அடி முன்னால் போனாலும் போதும், பக்கத்தில் ஓடுபவர் தன்னையறியாமல் எட்டிப்போட ஆரம்பித்துவிடுவார், சற்று நேரத்தில் இரைக்கும். லண்டன் புஷி பூங்காவில் 2004 அக்டோபரில் 13 பேர் ஓடியதில் தொடங்கிய பார்க்ரன் என்ற பொது ஓட்டம், இன்று பல நாடுகளில் வாராவாரம் நடக்கிறது. அங்கே டெயில் வாக்கர் என்று ஒரு தொண்டர் எல்லாருக்கும் பின்னால் வருவார். ஆகவே ஓட வந்தவர் யாரும் கடைசி ஆவதே இல்லை. வழியில் யாரும் கால் பிசகி உட்கார்ந்துவிடவில்லை என்பதும் அவர் வந்து சேர்ந்தால்தான் உறுதியாகும்.

எங்கள் குழுவில் ஒரு மாலை, காட்டுப் பாதையில் ஓடியபோது, முன்னால் போன ஐந்தாறு பேர் பிரிவுப்பாதையில் தவறான பக்கம் திரும்பிவிட்டார்கள். கிளையில் கட்டியிருந்த நாடாவைக் கவனித்துச் சரியான வழியில் வந்தவர் எங்களில் மிக மெதுவாக ஓடும் பெண். இருட்டிய பிறகு நெற்றி விளக்கும் முள் கீறிய முழங்காலுமாக மற்றவர்கள் வந்து சேர்ந்தார்கள். அன்றிலிருந்து புது வழி என்றால் அவரைக் கேட்டுவிட்டுத்தான் போகிறோம்.

சரி, தனியாக ஓடினால் வேகம் கூடுமா? சிலருக்குக் கூடும். ஆனால் உங்கள் மனநிலையில் தனியாகப் போனால் தினமும் கடிகாரத்தைத் துரத்துவீர்கள், அது காயத்தில் கொண்டுபோய் விடும் என்று பயப்படுகிறேன். நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்டிடம் பயின்றவர்கள் பீட்டர் ஸ்னெல்லும் முர்ரே ஹால்பர்க்கும். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஒரே நாளில் முன்னவர் 800 மீட்டரிலும் பின்னவர் 5,000 மீட்டரிலும் தங்கம் வென்றார்கள். 800 மீட்டர்காரரைக்கூட வாரத்துக்குச் சுமார் 160 கிலோமீட்டர் ஓடவைத்து அடித்தளம் போட்டவர் லிடியார்ட். அதே மனிதர்தான் 1960களின் தொடக்கத்தில் ஆக்லாந்தில் நடுத்தர வயதுக்காரர்களையும் இதய நோயிலிருந்து மீண்டவர்களையும் மெல்லோட்டத்துக்குக் கூட்டிப்போனார். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் போதும் என்பது அவர் வழி. பேச முடிகிறதா என்று பார்க்கவாவது பக்கத்தில் ஆள் வேண்டாமா?

அப்புறம் அந்தப் போட்டி. பெயரை எடுக்கச் சொல்லாதீர்கள். கிராஸ் கன்ட்ரி அணிக் கணக்கு உங்கள் குழுவில் யாராவது விளக்கினார்களா தெரியவில்லை. பல போட்டிகளில் அணிக்கு ஏழு பேர் ஓடுவார்கள். முதலில் வரும் ஐந்து பேரின் இடங்களைக் கூட்டி, தொகை குறைந்த அணிக்கு வெற்றி. நான்கு பேர்தான் ஓடி முடித்தார்கள் என்றால், முதலிடத்தில் உங்கள் ஆளே வந்திருந்தாலும் அணி கணக்கிலேயே வராது. ஆறாவது, ஏழாவது ஆளின் இடம் சேராது, ஆனால் எதிரணியின் ஐந்தாவது ஆளை அவர்கள் முந்திவிட்டால் அந்த அணியின் தொகை ஏறும். ஆள் போதவில்லை என்று உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றால், நீங்கள் ஓடி முடிப்பதுதான் அவர்களுக்கு வேண்டும்.

அதற்குமுன் குழுத் தலைவரிடம் நேரக் கணக்கு ஓட்டத்தைப் பற்றிப் பேசிவிடுங்கள். “ஒரு வாரம் இப்படி ஓடிப் பார்ப்போமா?” என்று கேட்டால் போதும். போட்டியன்று ஷூ நாடாவை இரட்டை முடிச்சாக இறுக்கிக் கட்டுங்கள். சேறு ஷூவை அப்படியே உருவிவிடும்.