அதிகாலை ஜெபம் நின்றுபோனால் தேவன் விலகிவிடுவாரா?

கேள்வி: திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். மாதத்தில் பாதி நாள் நைட் டியூட்டி. அதிகாலை ஜெபம், குடும்ப ஜெபம் இரண்டுமே நின்றுவிட்டன. தேவனுக்கு முதலிடம் கொடுக்கவில்லையே என்று மனசு உறுத்துகிறது. ஃபோனில் ஜெபிக்கும் ஓர் ஊழியர், "வீட்டில் தடைகள் இருப்பது அதனால்தான். 5,000 ரூபாய் விதைக் காணிக்கை அனுப்புங்கள், உங்களுக்காக 21 நாள் நான் அதிகாலையில் ஜெபிக்கிறேன்" என்கிறார். சரி என்று சொல்லிவிட்டேன். கையில் இருப்பது அம்மாவின் மருந்துக்கான பணம். பொருத்தனையை, அதாவது நேர்ந்துகொண்டதை, மீறினால் சாபமா?

பதில்: பணம் அனுப்பாதீர்கள், சகோதரி. மற்றதெல்லாம் அப்புறம்.

இயேசு இருட்டோடே எழுந்து ஜெபித்தார் என்று மாற்கு 1:35-ஐ எல்லாரும் எடுத்துச் சொல்கிறார்கள். அவர் சாயங்காலத்தில் மலைமேல் தனித்திருந்து ஜெபித்தது மத்தேயு 14-லும், இரவு முழுவதும் ஜெபித்தது லூக்கா 6-லும் இருக்கிறது. தானியேல் நாளுக்கு மூன்று வேளை முழங்காற்படியிட்டார். எல்லாருக்கும் ஒரே மணி என்று வேதத்தில் எங்கும் இல்லை. காலையில் டியூட்டி முடித்து வந்தால் தூங்குங்கள். சோர்ந்துபோய்ச் சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவுக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும். சாப்பிட்டுவிட்டு அவர் திரும்பவும் படுத்துக்கொண்டார், யாரும் அவரைக் கடிந்துகொள்ளவில்லை.

தேவனுக்கு முதலிடம் என்பது உங்கள் வார்டிலேயே தெரியும். இரவு மூன்று மணிக்குக் கண் சொக்கும். பிபி பார்க்காமலே, போன தடவை போட்ட எண்ணையே சார்ட்டில் திரும்ப எழுதிவிடலாம், யாரும் கேட்க மாட்டார்கள். எழுந்து போய், நோயாளியின் கையில் பட்டையைச் சுற்றி, பார்த்து எழுதினீர்கள் என்றால் அங்கே கர்த்தருக்குப் பயந்து நடந்தீர்கள். அடுத்த கட்டிலுக்குப் போகும் வழியில் அந்த நோயாளிக்காக ஒரு வரி ஜெபியுங்கள். உபாகமம் 6-ல் கர்த்தருடைய வார்த்தைகளை வீட்டில் உட்காரும்போதும் வழியில் நடக்கும்போதும் பேசு என்று இருப்பது இப்படிப்பட்ட நடைக்கும் சேர்த்துத்தான்.

இந்த ஃபோன் ஊழியர்கள் விஷயத்தை விட மாட்டேன். இவர்களுடைய முறை ஒன்றுதான். முதல் ஃபோனில் வீட்டுக் கஷ்டத்தையெல்லாம் நீங்களே அழுது சொல்வீர்கள். சில நாள் கழித்து அதையே "கர்த்தர் எனக்கு வெளிப்படுத்தினார்" என்று உங்களிடம் திருப்பிச் சொல்வார்கள். பிறகு தடை, சாபம், கடைசியில் ஜிபே நம்பர். அது சபையின் பெயரிலா, ஓர் ஆளின் சொந்தப் பெயரிலா என்று பாருங்கள். ரசீது கேளுங்கள், குரல் மாறுவது உங்களுக்கே தெரியும். குஷ்டம் நீங்கின நாகமான் கொடுத்த வெகுமதியை எலிசா தீர்க்கதரிசி தொடவில்லை. பின்னால் ஓடிப்போய், பொய் சொல்லி, இரண்டு தாலந்து வெள்ளி வாங்கினவன் வேலைக்காரன் கேயாசி. குஷ்டம் யாருக்கு வந்தது என்று 2 இராஜாக்கள் 5-ல் வாசியுங்கள். ஜெபத்துக்கு விலை பேசுகிறவரிடம் ஜெபம் கேட்காதீர்கள்.

பொருத்தனை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், உங்கள் பயமே அங்கேதான் இருக்கிறது. கர்த்தருக்கு நேர்ந்துகொண்டதைச் செலுத்தத்தான் வேண்டும், உபாகமம் 23 அப்படித்தான் சொல்கிறது. ஆனால் நீங்கள் கர்த்தரிடம் நேர்ந்துகொள்ளவில்லை, பயமுறுத்திய ஒரு மனுஷனிடம் "சரி" என்றீர்கள். அது பொருத்தனை ஆகாது. ஆகும் என்றே வைத்துக்கொண்டாலும், மதிப்பிட்டதைக் கொடுக்க முடியாத ஏழைக்கு அவன் திராணிக்குத் தக்கதாக ஆசாரியன் மதிப்பிட வேண்டும் என்று லேவியராகமம் 27:8 இடம் கொடுக்கிறது. அதிலும் இது அம்மாவின் மருந்துப் பணம். பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் "கொர்பான்", அதாவது காணிக்கை, என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு கண்டித்தது மாற்கு 7-ல் இருக்கிறது. அந்தப் பணத்தை அனுப்புவதுதான் தேவனுடைய கற்பனையை, அதாவது கட்டளையை, மீறுவது.

இந்த ஃபோன் ஊழியர்களுக்கு இடம் கொடுத்தது சபைக்காரர்களாகிய நாங்கள்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு, எத்தனை மூட்டை அரிசி என்று சபையை நடத்தும் சேகரக் கமிட்டி மணிக்கணக்கில் பேசும். சபைத் தேர்தல் வந்தால் வீடு வீடாக ஆள் வரும். நைட் டியூட்டி பார்க்கிற பிள்ளைகளுக்கு ஞாயிறு சாயங்காலம் ஓர் ஆராதனை வைக்கலாமே என்றால் பதில் வராது. சபை கேட்காத கண்ணீரை யாரோ ஒருவர் ஃபோனில் கேட்கிறார், பணமும் கேட்கிறார்.

அந்த நம்பரை பிளாக் செய்யுங்கள். உங்கள் குருவானவரைப் பார்த்து டியூட்டி நேரத்தைச் சொல்லி, திருவிருந்து எப்போது கிடைக்கும் என்று நேரடியாகக் கேளுங்கள். தயங்கினால் மறுபடியும் போய்க் கேளுங்கள், அது உங்கள் உரிமை. குடும்ப ஜெபத்துக்கு, நீங்களும் அம்மாவும் வீட்டில் விழித்திருக்கும் நேரம் எதுவோ அதுவே போதும். மத்தியானம் மூன்று மணி என்றால் மூன்று மணி. ஒரு சங்கீதம், அம்மாவுக்குத் தெரிந்த ஒரு கீர்த்தனை, இரண்டு பேரும் ஆளுக்கொரு ஜெபம், பத்து நிமிஷம். மருந்தை இன்றைக்கே வாங்கிவிடுங்கள்.