ஒயர்லெஸ்ஸுக்கு உங்கள் படகு எங்கே என்று தெரியுமா? படகுக் கருவிகள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் விசைப்படகில் கடல் வரைபடத்தில் படகின் இடத்தைக் காட்டும் சார்ட் பிளாட்டர், ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டர், புதிதாக வாங்கிய டிஎஸ்சி வசதி (பொத்தானை அழுத்தினால் அபாயச் செய்தி அனுப்பும் வசதி) உள்ள விஎச்எஃப் ஒயர்லெஸ் மூன்றும் இருக்கின்றன. பிளாட்டரில் ஜிபிஎஸ் நன்றாக வேலை செய்கிறது. ஒயர்லெஸ் திரையில் மட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை வர வேண்டிய இடத்தில் வெறும் கோடுகள். பேச்சு தெளிவாகக் கேட்கிறது. அப்படியே விட்டுவிடலாமா சார்? (வாசகர், தூத்தூர்)

பதில்: விடவே கூடாது. அந்தச் செட்டில் மூடி போட்ட சிவப்புப் பொத்தான் ஒன்று இருக்கிறதல்லவா, அதைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் சேனல் 70-இல் ஓர் அபாயச் செய்தி போகும், யாராவது ஏற்கும்வரை தானாகவே திரும்பத் திரும்பப் போகும். அதில் இருப்பவை உங்கள் படகை அடையாளம் காட்டும் 9 இலக்க எம்எம்எஸ்ஐ எண் (நம் நாட்டு எண்கள் 419 என்று தொடங்கும்), நேரம், படகு நிற்கும் இடம். உங்கள் செட்டில் இப்போது அழுத்தினால் இடம் இல்லாமல்தான் போகும். பக்கத்தில் போகும் சரக்குக் கப்பலில் அந்த அலைவரிசையை எப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள், ஆனால் யாரோ ஆபத்தில் இருக்கிறார்கள் என்று தெரியுமே தவிர எந்தப் பக்கம் திரும்பித் தேடுவது என்று அவர்களுக்குத் தெரியாது. ஒக்கி புயலைப் பார்த்த ஊர்க்காரருக்கு இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, வேலைக்கு வருவோம். பிளாட்டருக்குத் தெரிந்த இடம் ஒயர்லெஸ்ஸுக்குத் தானாகத் தெரியாது, இரண்டுக்கும் நடுவில் ஒயர் வேண்டும். பெரும்பாலான செட்டுகளில் இதற்கு இருப்பது என்எம்இஏ 0183 என்ற முறை. ஒரு கருவி பேசும், மற்றது கேட்கும், அவ்வளவுதான். பிளாட்டரின் அவுட்புட் பிளஸ் ஒயர் ஒயர்லெஸ்ஸின் இன்புட் பிளஸ்ஸுக்கும், அவுட்புட் மைனஸ் இன்புட் மைனஸுக்கும் போக வேண்டும். சில பிளாட்டர்களில் அவுட்புட்டுக்கு ஒரே ஒயர்தான் இருக்கும், அப்போது ஒயர்லெஸ்ஸின் இன்புட் மைனஸைப் பிளாட்டரின் கிரவுண்டில் சேர்க்க வேண்டும். நிறத்தைப் பார்த்து இணைக்காதீர்கள், ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு நிறம் வைக்கிறது, இரண்டு மேனுவலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும். அப்புறம் பிளாட்டர் மெனுவில் அந்த அவுட்புட்டை ஆன் செய்து தகவல் போகும் வேகத்தை 4800 என்று வையுங்கள். சுற்றியுள்ள கப்பல்களைக் காட்டும் ஏஐஎஸ் கருவிக்காக யாராவது அதை 38400-க்கு மாற்றி வைத்திருந்தால் ஒயர்லெஸ்ஸுக்கு ஒன்றுமே புரியாது, கோடுதான் காட்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் வரவில்லையென்றால் இணைப்பைப் பிரித்துப் பாருங்கள். போன மாதம் ஒரு படகில் வீல் ஹவுஸ் பலகைக்குப் பின்னால் இரண்டு ஒயரை வெறுமனே முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றி வைத்திருந்தார்கள். டேப்பை உரித்தால் உள்ளே செம்பு முழுக்கப் பச்சையாகக் களிம்பு ஏறி, விரலால் தொட்டதும் இழை இழையாக உதிர்ந்தது. உப்புக் காற்றில் முறுக்குக் கட்டு நிற்காது. ஈயம் பூசிய செம்பு ஒயரும் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயும் போடுங்கள், பெரிய செலவில்லை.

இன்னொன்று. இரவில் பேட்டரியை மிச்சப்படுத்தப் பிளாட்டரை அணைத்தால் ஒயர்லெஸ்ஸும் இடத்தை இழந்துவிடும். கையால் பதிவு செய்யலாம்தான், ஆனால் 8 நாட் வேகத்தில் ஓடும் படகு 4 மணி நேரத்தில் 32 கடல் மைல், அதாவது சுமார் 59 கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும். அதனால் ஒயர்லெஸ்ஸுக்கென்றே தனி ஜிபிஎஸ் ஆன்டெனா போட்டு, இரண்டையும் ஒரே சுவிட்சில் வைப்பதுதான் என் விருப்பம். சோதித்துப் பார்க்கிறேன் என்று சிவப்புப் பொத்தானை மட்டும் அழுத்திவிடாதீர்கள், திரையில் இடம் தெரிந்தாலே போதும். நேரம் ஐந்தரை மணி பின்தங்கிக் காட்டினால் பதற வேண்டாம், அது உலகப் பொது நேரம்.

கேள்வி: பழைய ஜிபிஎஸ் ஆன்டெனா போய்விட்டதால் புதியது மாட்டினோம். ஒயர், வேகம் எல்லாம் அதேதான், ஆனாலும் பழைய ஒயர்லெஸ் இடத்தை எடுக்க மாட்டேன் என்கிறது. (வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: பழைய ஆன்டெனா அனுப்பும் ஒவ்வொரு வரியும் டாலர் குறிக்குப் பின் 'ஜிபி' என்று தொடங்கும். புதியது பல நாட்டுச் செயற்கைக்கோள்களையும் சேர்த்து வாங்குவதால் 'ஜிஎன்' என்று தொடங்கும். பழைய செட்டுகள் பலவற்றுக்கு ஜிஎன் என்றால் என்னவென்றே தெரியாது. ஆன்டெனாவை ஜிபிஎஸ் மட்டும் என்று அமைக்க முடிகிறதா என்று பாருங்கள், பல மாடல்களில் முடியும். லேப்டாப்பில் இணைத்துப் பார்த்தால் இடம் தரும் ஆர்எம்சி வரியில் நேரத்துக்கு அடுத்து 'ஏ' இருந்தால் இடத்தை நம்பலாம், 'வி' இருந்தால் ஆன்டெனாவுக்கே இன்னும் வானம் தெரியவில்லை.

கேள்வி: பக்கத்துப் படகு கொடுத்த பாயிண்ட்டை (இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை) போட்டால் எங்களுக்கு வேறு இடம் காட்டுகிறது. ஜிபிஎஸ் கெட்டுவிட்டதா? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: கருவி கெட்டிருக்காது, எழுத்துமுறை மாறியிருக்கும். 8 டிகிரி 47.50 நிமிடம் என்று அவர் சொன்னதை நீங்கள் 8 டிகிரி 47 நிமிடம் 50 விநாடி என்று போட்டால் ஒரு நிமிடத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 617 மீட்டர் வடக்கே தள்ளும். பாரின் (கடலடிப் பாறையின்) மேல் வலை போய்ச் சிக்க இது போதும், எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் என்றால் அதைவிட மோசம். எல்லாக் கருவியிலும் டிகிரி, நிமிடம், நிமிடத்தின் தசமம் என்ற ஒரே முறையையும் டபிள்யூஜிஎஸ் 84 என்ற வரைபட அளவுமுறையையும் வையுங்கள். ரேடியோவில் பாயிண்ட் சொல்லும்போது "புள்ளி" என்ற சொல்லை விழுங்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: கருவிகளை ஒரே கேபிளில் இணைக்கும் என்எம்இஏ 2000 முறையில் எல்லாவற்றையும் கோத்திருக்கிறோம். திடீர் திடீரென்று எல்லாத் திரையிலும் ஜிபிஎஸ் போய்ப் போய் வருகிறது. (வாசகர், ராமேஸ்வரம்)

பதில்: முதலில் மின்சாரத்தை அணைத்துவிட்டு, முதன்மைக் கேபிளில் தகவல் போகும் இரண்டு ஊசிகளுக்கு நடுவே மீட்டர் வைத்து ஓம் பாருங்கள். இரு முனையிலும் ஆளுக்கு 120 ஓம் டெர்மினேட்டர் (முனையில் மாட்டும் மின்தடை) இருக்க வேண்டும், சேர்த்து 60 காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை கழன்றிருக்கிறது, 40 என்றால் யாரோ மூன்றாவதை மாட்டியிருக்கிறார்கள். கருவிக்குப் போகும் கிளைக் கேபிள் எதுவும் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது. இதெல்லாம் சரியென்றால் பிளாட்டரில் எந்த ஜிபிஎஸ் தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். இரும்புக் கூரைக்குக் கீழே இருக்கும் பிளாட்டரின் உள் ஆன்டெனாவைத் தேர்ந்திருந்தால் சிக்னல் போய்ப் போய்த்தான் வரும். கூரைக்கு மேலே இருக்கும் ஆன்டெனாவை எல்லாத் திரைக்கும் முதல் தேர்வாக வைத்துவிட்டு, அடுத்த தங்கலுக்கு (பல நாள் மீன்பிடிப்புக்கு) போகும் முன் ஒருநாள் முழுக்கத் துறைமுகத்திலேயே ஓட விட்டுப் பாருங்கள்.