புதைபடிவங்களில் இடைவெளி இருந்தால் பரிணாமக் கொள்கை பொய்யாகிவிடுமா?

"இடைப்பட்ட உயிரினங்களே கிடைக்காதபோது பரிணாமத்தை எப்படி ஏற்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இடைவெளி இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். செத்த உடல் அழுகும், மற்றவை தின்றுவிடும். சேற்றில் சட்டென்று புதைந்து கல்லாவது மிக அரிது.

டிக்டாலிக் என்ற புதைபடிவ மீனைப் பாருங்கள். மீனுக்கும் நாலுகால் விலங்குக்கும் நடுவே இடைவெளி இருந்தது. புதைபடிவ ஆய்வாளர் நீல் ஷூபினின் குழுவினர் அந்த இடைவெளி விழும் காலத்தைக் கணக்கிட்டு, சுமார் 37.5 கோடி ஆண்டு பழைய ஆற்றுப்படிவுப் பாறைகளைத் தேடிக் கனடாவின் வடகோடியில் உள்ள எல்ஸ்மியர் தீவுக்குப் போனார்கள். பல பயணங்களுக்குப் பிறகு 2004இல் கிடைத்தது. செதிலும் துடுப்பும் மீனுடையவை. தலையோ முதலையைப் போலத் தட்டை. கழுத்து தனியாகத் திரும்பும். துடுப்பைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே மேற்கை எலும்பு, முன்கை எலும்புகள், மணிக்கட்டு! எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

போலந்தில் இதைவிடப் பழைய, நாலுகால் விலங்குகளின் காலடித் தடங்கள் கிடைத்ததாக 2010இல் அறிவித்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதனால் டிக்டாலிக் நம் நேரடி மூதாதை இல்லை, பங்காளி வழியாக இருக்கலாம். காலவரிசை மாறும், சரி. ஆனால் அதே பாறையில், மிகப் பின்னால் தோன்றிய ஒரு பசுவின் எலும்பு கிடைத்தால்தான் கொள்கைக்கே சிக்கல். அப்படி எதுவும் இதுவரை கிடைக்கவில்லை.