ஆன்டிவைரஸ் அப்டேட் ஆனதிலிருந்து அலுவலக நெட்வொர்க் வேலை செய்யவில்லை. அதை நீக்கிவிடலாமா?

உங்கள் சந்தேகம் சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. ஆனால் நீக்குவதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். ஆன்டிவைரஸ் புதுப்பிப்பு முடிந்து சர்வரை ரீஸ்டார்ட் செய்ததிலிருந்து பில் போடும் கணினிகளுக்குச் சர்வர் தெரியவில்லை, இணையம் மட்டும் தடையின்றி வருகிறது, இணைப்புக் கொடுத்தவர் லைனில் குறையில்லை என்கிறார், ஹார்டுவேர்காரர் சுவிட்சை மாற்றச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த ஆன்டிவைரஸ், விண்டோஸின் எந்தப் பதிப்பு என்று சொல்லவில்லை. நான்கைந்து கணினிகளை வைத்து, அவற்றில் ஒன்றையே சர்வராக்கிக் கணக்கு மென்பொருள் ஓட்டும் சிறிய நிறுவனம் என்று எடுத்துக்கொள்கிறேன். எங்கள் காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்து ஆலைகளும் தேங்காய் உலர்த்தும் களங்களும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கின்றன. அவற்றின் கணினிகளைப் பராமரிப்பதுதான் என் தொழில்.

நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தபோது, தேங்காய்ப் பருப்பு வாங்கி எண்ணெய் ஆட்டும் ஓர் ஆலையில் நடந்ததுதான் நினைவுக்கு வந்தது. ஆலை வாயிலில் எடை மேடை. அதை ஒட்டிய சிறு அறையில் ஒரு கணினி. லாரி மேடையில் ஏறியதும் இண்டிகேட்டர் காட்டும் எடை, சீரியல் கேபிள் வழியாக அந்தக் கணினிக்கு வந்து, சீட்டாக அச்சாகி, அதே நேரத்தில் அலுவலகச் சர்வரில் உள்ள ஷேர் ஃபோல்டரிலும் பதிவாகும். லோடு எடையில் காலி எடையைக் கழித்து அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் அக்கா தொகை போட்ட பிறகே வண்டி வெளியே போகும். ஒரு திங்கட்கிழமை காலை சீட்டு அச்சானது, ஆனால் அலுவலகத்துக்கு எதுவும் வந்து சேரவில்லை. பொள்ளாச்சிப் பக்கமிருந்து பருப்பு ஏற்றி வந்த லாரிகள் தார்ச்சாலை வரை நின்றுவிட்டன. நான் போய்ச் சேர்வதற்குள் எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து வாயிலிலிருந்து அலுவலகத்துக்குப் புதுக் கேபிள் இழுக்கத் தொடங்கியிருந்தார். “எலி கடிச்சிருக்குமுங்க, இல்லாட்டி வண்டி ஏறி நசுங்கியிருக்குமுங்க, வேறென்ன இருக்கப் போகுது” என்றார். அவர் சொன்னதும் நியாயமே. எடை மேடைக்குப் போகும் கேபிள்கள் இந்த இரண்டு காரணங்களாலும் கெட்டுப்போவதை நானும் பார்த்திருக்கிறேன்.

எடை மேடைக் கணினியில் உட்கார்ந்து ரவுட்டருக்குப் பிங் (‘இருக்கிறாயா’ என்று கேட்டுப் பதிலை எதிர்பார்க்கும் சிறு செய்தி) அனுப்பினேன், பதில் வந்தது. சர்வருக்கு அனுப்பினேன், ‘ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்’ என்றது. இதோடு நிறுத்தினால், சர்வருக்குப் போகும் கேபிளில்தான் பழுது என்று யாரும் சொல்லிவிடலாம். எனவே, எந்த ஐபி முகவரி எந்த நெட்வொர்க் கார்டுக்குரியது என்று கணினி நினைவில் வைத்திருக்கும் ஆர்ப் பட்டியலை அழித்துவிட்டு, சர்வருக்கு மறுபடியும் பிங் அனுப்பி, பட்டியலை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். பிங்குக்குப் பதில் வரவில்லை. ஆனால் சர்வரின் ஐபி முகவரிக்கு எதிரே அதன் நெட்வொர்க் கார்டின் அடையாள எண்ணான மேக் முகவரி புதிதாக வந்து நின்றது. கேபிள் அறுந்திருந்தால் அந்த முகவரி வந்திருக்க வழியே இல்லை. பிறகு அலுவலகத்துக்குப் போய், சர்வரிலிருந்து எடை மேடைக் கணினிக்குப் பிங் அனுப்பினேன். உடனுக்குடன் பதில் வந்தது. ஒரு திசையில் போகிறது, மறு திசையில் தொடங்க முடியவில்லை என்றால் கேபிளையும் சுவிட்சையும் குறை சொல்வதில் பொருளில்லை. வீட்டார் வெளியே போய்த் திரும்புவதை விட்டுவிட்டு, புதிதாக வந்து கதவைத் தட்டுகிறவரை மட்டும் நிறுத்தும் காவல்காரரைப் போல நடந்துகொள்வது ஃபயர்வால் ஒன்றுதான். எடை மேடைக் கணினியைக் காலையில் யாரும் ரீஸ்டார்ட் செய்யாததால் அதில் பழைய பதிப்பே ஓடிக்கொண்டிருந்தது. சர்வர் மட்டும் ஞாயிற்றுக்கிழமை இரவில் புதிய பதிப்புக்கு மாறியிருந்தது.

அந்தச் சர்வரின் மானிட்டர் தூசி படியாமலிருக்கத் துணி போட்டு மூடப்பட்டிருந்தது. துணியை விலக்கி மானிட்டரைப் போட்டதும், வலது கீழ் மூலையில் ‘புதிய நெட்வொர்க் கண்டறியப்பட்டது’ என்ற அறிவிப்பு யாரும் பதில் சொல்லாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தது. புதிய பதிப்பு தன் நெட்வொர்க் டிரைவரை மாற்றிக்கொண்டபோது, அலுவலக நெட்வொர்க்கை முன்பின் அறியாத ஒன்றாகக் கருதி, பேருந்து நிலைய வைஃபையை நடத்துவதுபோல் ‘பொது நெட்வொர்க்’ என்று குறித்துவிட்டிருக்கிறது. விண்டோஸின் செட்டிங்ஸில் போய்ப் பார்த்தாலோ ‘பிரைவேட்’ என்றே இருந்தது. பலரும் ஏமாறும் இடம் இதுதான். ஃபயர்வாலுடன் கூடிய ஆன்டிவைரஸ் இருந்தால் விண்டோஸின் ஃபயர்வால் பொறுப்பை அதனிடம் விட்டுவிடும். அதன்பின் நீங்கள் விண்டோஸ் பக்கத்தில் எதை மாற்றினாலும் பயன் இருக்காது. ஆன்டிவைரஸின் பக்கத்திலேயே போய் அந்த நெட்வொர்க்கை ‘நம்பகமானது’ என்று மாற்றினேன். எடைச் சீட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஃபோல்டரில் வந்து விழுந்தன.

ஆனால் வேலை அத்துடன் முடியவில்லை. மற்றக் கணினிகளில் கணக்கு மென்பொருளான டேலியைத் திறந்தால் அது உரிமமில்லாத பயிற்சி நிலையான எஜுகேஷன் மோடில் திறந்தது. சர்வரில் உள்ள உரிமச் சேவையை எட்ட முடியாதபோது அது அப்படித்தான் திறக்கும். அந்தச் சேவையின் இயல்பான போர்ட் (கணினிக்குள் ஒவ்வொரு சேவைக்கும் உள்ள எண்ணிட்ட வாசல்) 9999. பழைய பதிப்பில் அதற்குக் கொடுத்திருந்த அனுமதி, புதுப்பிப்பில் காணாமல் போயிருந்தது. அனுமதியை மறுபடி சேர்த்த பிறகே அக்கா முகத்தில் தெளிவு வந்தது. உங்களிடமும் முதலில் ஃபோல்டர் மட்டும் வந்து, கணக்கு மென்பொருள் வராமலிருந்தால் இதைப் பாருங்கள். ஃபைல் ஷேரிங்குக்கு 445, தரவுத்தள மென்பொருளான எஸ்கியூஎல் சர்வருக்கு 1433, நெட்வொர்க் பிரின்டருக்குப் பெரும்பாலும் 9100. எந்தப் போர்ட் நின்றிருக்கிறது என்று தெரிந்தால் எந்த அனுமதி போயிருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

இடையில் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. புதுக் கேபிள் இழுத்த எலக்ட்ரீஷியனுக்கு, அந்தக் கேபிள் தேவைப்படவில்லை என்று தெரிந்த பின்னும், மீட்டர் கணக்கில் முழுத் தொகையும் கொடுக்கப்பட்டது. என்னிடம், “ஒரு டிக்கு மாத்துனதுக்கு எதுக்குங்க தம்பி இவ்வளவு?” என்று கேட்டார்கள். கையில் பிடித்துப் பார்க்கக் கூடிய பொருளுக்குக் காசு கொடுக்கத் தயங்காதவர்கள், பழுது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்ததற்குக் கொடுக்கும்போது மட்டும் கணக்குப் பார்க்கிறார்கள். உங்கள் ஹார்டுவேர்காரர் சுவிட்சை மாற்றச் சொல்வதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அவரை நான் குறை சொல்லவில்லை. சுவிட்சை விற்றால்தான் அவருக்கு அன்றைய வரும்படி.

ஆன்டிவைரஸின் புதுப்பிப்பில் இரண்டு வகை உண்டு என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நாள்தோறும் பல முறை வருவது வைரஸ் அடையாளப் பட்டியல். எப்போதாவது வருவது மென்பொருளின் புதிய பதிப்பு. ரீஸ்டார்ட் கேட்பது பெரும்பாலும் இதுதான். விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து ஆன்டிவைரஸ்கள் ‘விண்டோஸ் ஃபில்டரிங் பிளாட்ஃபார்ம்’ என்ற அடுக்கில் தங்கள் வடிகட்டியைச் செருகி, வரும் போகும் ஒவ்வொரு இணைப்பையும் பார்க்கின்றன. சில, நெட்வொர்க் கார்டோடு ஒட்டிய இன்னொரு வடிகட்டியையும் வைத்திருக்கின்றன. பதிப்பு மாறும்போது மாறுவது இந்த வடிகட்டிகள்தான். உங்களுக்கு நேர்ந்ததும் அதுவாகவே இருக்க வேண்டும்.

அதற்காகப் பட்டியல் புதுப்பிப்பு தீங்கற்றது என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2010 ஏப்ரல் 21 அன்று வந்த மெக்காஃபியின் 5958 எண்ணுள்ள பட்டியல், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்தக் கோப்பான எஸ்விசிஹோஸ்டையே வைரஸ் என்று பிடித்தது. அந்தக் கணினிகள் நெட்வொர்க்கை இழந்து, தாமாகவே திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆயின. 2013 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கியின் ஒரு புதுப்பிப்பால் எக்ஸ்பி கணினிகளில் இணையம் நின்றது. 2024 ஜூலை 19 அன்று பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரே ஒரு கோப்பால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியதாக மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. நம் நாட்டு விமான நிலையங்கள் சிலவற்றில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். பெரிய நிறுவனங்களுக்கே இப்படி நேர்கிறது என்பதால், ‘ஆன்டிவைரஸ் இதையெல்லாம் செய்யாது’ என்று உங்கள் விற்பனையாளர் சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. மேலே சொன்னபடி இரு திசையிலும் பிங் அனுப்பி, ஆர்ப் பட்டியலையும் பாருங்கள். பிறகு ஆன்டிவைரஸில் நெட்வொர்க் எந்த வகையாகக் குறிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். உங்கள் நிலைமைக்குப் பெரும்பாலும் இதிலேயே விடை கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால், நெட்வொர்க் அடாப்டரின் பிராப்பர்ட்டீஸைத் திறந்தால் வரும் பட்டியலில் ஆன்டிவைரஸ் பெயரோடு ஏதேனும் வரி இருக்கிறதா என்று தேடி, இருந்தால் அதன் டிக்கை மட்டும் எடுத்துச் சோதியுங்கள். கடிகாரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஐகானை அழுத்திப் ‘பாதுகாப்பை நிறுத்து’ என்று கொடுத்துவிட்டு, ‘நிறுத்திப் பார்த்தும் சரியாகவில்லை, எனவே ஆன்டிவைரஸ் காரணமில்லை’ என்று முடிவுகட்டுவது தவறு. அப்படி நிறுத்தினாலும் வடிகட்டி டிரைவர் பல நேரங்களில் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

யூடியூபில் எல்லோரும் முதலில் சொல்லும் ‘நெட்வொர்க் ரீசெட்’டை எக்காரணம் கொண்டும் முதலில் செய்யாதீர்கள். அது நெட்வொர்க் கார்டுகளையே நீக்கி மறுபடி நிறுவும். கையால் போட்டு வைத்த ஐபி முகவரிகள் எல்லாம் போய்விடும். அதன்பின் சர்வர் வேறொரு முகவரியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒரு பிரச்சினை இரண்டாகும். விண்டோஸின் நெட்வொர்க் மென்பொருள் அடுக்கை மட்டும் இயல்புநிலைக்குக் கொண்டுவரும் ‘நெட்ஷ் வின்சாக் ரீசெட்’ கட்டளை அவ்வளவு ஆபத்தானதில்லை. ஆனால் அதைச் செய்யும் முன்பும் ஐபி முகவரி, கேட்வே, டிஎன்எஸ் ஆகியவற்றைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு இணையம் வருகிறது என்பதால் இது பொருந்தாது. ஆனாலும் பின்னால் உதவும். ஈ-வே பில், ஜிஎஸ்டி போன்ற தளங்களில் மட்டும் சான்றிதழ் எச்சரிக்கை வந்தால், பிரவுசரின் முகவரிப் பட்டையில் இடது ஓரத்தில் உள்ள குறியைத் தொட்டுச் சான்றிதழை வழங்கியவர் பெயரைப் பாருங்கள். அங்கே ஆன்டிவைரஸின் பெயர் இருந்தால், மறைகுறியாக்கப்பட்ட எச்டிடிபிஎஸ் இணைப்புகளைத் திறந்து பார்க்க அது நிறுவிய சொந்தச் சான்றிதழ்தான் குழப்பத்துக்குக் காரணம். அந்தச் சோதனையை மட்டும் நிறுத்தி வைக்கலாம்.

நெட்வொர்க்கில் போகும் தகவல்களைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளை ஓட்டிப் பார்த்தால் இன்னும் துல்லியமாகத் தெரியுமே என்று சிலர் பின்னூட்டத்தில் எழுதுவீர்கள். உண்மைதான், ஆனால் வாசலில் லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது பிங் போதும். ‘விண்டோஸோடே வரும் டிஃபெண்டரே போதுமே, எதற்குத் தனி ஆன்டிவைரஸ்’ என்பவர்களோடும் எனக்குப் பெரிய சண்டை இல்லை. வேறு ஆன்டிவைரஸை நீக்கினால் விண்டோஸ் 10, 11 கணினிகளில் டிஃபெண்டர் தானாகவே எழுந்துகொள்ளும் என்பதும் சரியே. ஆனால் எதுவுமே இல்லாமல் ஓட்டலாம் என்று யாரேனும் சொன்னால் கேட்காதீர்கள். 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ், இதே 445 போர்ட் வழியாகத்தான் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது. அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தும், போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

இத்தனைக்குப் பிறகும் சரியாகவில்லை என்றால் நீக்குங்கள். கன்ட்ரோல் பேனலில் நீக்கிய பிறகு, அந்த நிறுவனமே தரும் நீக்கும் கருவியையும் ஓட்டி ரீஸ்டார்ட் செய்யுங்கள். இல்லாவிட்டால் வடிகட்டியின் மிச்சம் தங்கிவிடும். நெட்வொர்க் திரும்பிவிட்டால் காரணம் உறுதி. அதன்பின் அவர்களுடைய உதவி எண்ணை அழைத்து, பழைய பதிப்பு எண், புதிய பதிப்பு எண், எந்தத் திசையில் பிங் போகவில்லை, எந்தப் போர்ட் நின்றது என்று சொல்லுங்கள். ‘நெட் வரவில்லை’ என்று மட்டும் சொன்னால் அவர்களும் உங்களை இணைப்புக் கொடுத்தவரிடமே திருப்பி அனுப்புவார்கள். மறுபடி நிறுவும்போது, பதிப்புப் புதுப்பிப்புக்கு உங்கள் அனுமதியைக் கேட்கும்படி வைத்துவிட்டு, பட்டியல் புதுப்பிப்பை மட்டும் தானாக நடக்க விடுங்கள். புதிய பதிப்பை முதலில் அதிகம் பயன்படாத ஒரு கணினியில் போட்டு, அது ஒழுங்காக ஓடுவதைப் பார்த்த பிறகு சர்வரில் போடுங்கள்.